ஏ.ஐ பத்து விநாடியில் தரும் மழை... என் தோழிக்கு ஏன் 12 நாள் ஆனது?

ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் 'மழைச் சத்தம்' என்று தேடியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் காட்சியை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும். தூரத்தில் மரங்கள் அசையும். ஓரமாக ஒரு பூனை வாலை ஆட்டிக்கிட்டு இருக்கும். வீடியோ எட்டு மணி நேரம் ஓடும். ஆனா, அந்த ஓவியம் அசைவது என்னவோ அஞ்சாறு விநாடிதான். அதே விநாடிகள்தான் திரும்பத் திரும்ப வரும். முடிவும் தொடக்கமும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அனிமேஷன்காரர்கள் இதை 'லூப்' என்பார்கள்.

என் தோழி ஒருத்தி இந்த லூப்களை வரைந்துதான் நாலு வருஷமா வாடகை கட்டினாள். சொந்த ஊர் மதுரைப் பக்கம். விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவள். தியானம், தூக்கம், மழைச் சத்தம் என்று வீடியோ போடும் சேனல்களுக்குக் கண்மாய், தென்னந்தோப்பு, மலையடிவார வயல் என்று வரைந்து கொடுப்பாள். பெரிய பேர் கிடைக்காத வேலைதான். ஆனா, மாசாமாசம் வேலை வந்துக்கிட்டே இருந்தது.

போன மாதம் போன் செய்தாள். வழக்கமாக ஆர்டர் தரும் ஒரு சேனல்காரர் புதுசா ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். "ஏ.ஐ-லயே வந்துடுதுங்க மேடம். அதுல இருக்குற சின்னச் சின்ன தப்பை மட்டும் சரிபண்ணிக் கொடுத்துடுங்க. ரேட் மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"கோபமா இருக்கியாடி?" என்று கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்லடி. அவங்க அனுப்புன வீடியோல பனைமரத்துல தென்னை ஓலை இருக்கு. அதை மாத்தத்தான் என்னைக் கூப்பிடுறாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு நல்லாப் படலை.

இந்தக் கட்டுரை அந்த போன் காலில் இருந்து தொடங்கியதுதான்.

அந்த மார்ச் மாதம்!

கொஞ்சம் ரீவைண்டு பண்ணுவோம். 2025 மார்ச் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? சாட்ஜிபிடி-யில் படம் உருவாக்கும் புது வசதியை ஓப்பன் ஏ.ஐ நிறுவனம் வெளியிட்டது. ரெண்டே நாளில் வாட்ஸ்அப் டி.பி முழுக்க 'ஜிப்லி' மயம். கல்யாண போட்டோ, காலேஜ் குரூப் போட்டோ, அரசியல்வாதிகள், கிரிக்கெட் வீரர்கள் என எல்லோரும் பெரிய கண்களோடும், பின்னணியில் பச்சைப் புல்வெளியோடும் ஜப்பானியக் கார்ட்டூன்களாக மாறினார்கள். 'எங்கள் ஜி.பி.யு-க்கள் உருகுகின்றன' என்று ஓப்பன் ஏ.ஐ-யின் சாம் ஆல்ட்மேனே எழுதி, பயன்பாட்டுக்குத் தற்காலிகக் கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்குப் போனது.

உண்மையைச் சொல்லிடுறேன். நானும் என் அம்மா, அப்பா போட்டோவைப் போட்டுப் பார்த்தேன். அம்மா ரெண்டு நாள் அதையே டி.பி-யாக வைத்திருந்தார். வரையத் தெரியாத ஒருவருக்கு அந்தப் படம் கொடுக்கும் சந்தோஷம் பொய்யில்லை. அதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

அடுத்த கட்டமாக நிலைப்படம் அசைய ஆரம்பித்தது. ஒரு வரி எழுதினால் வீடியோவே வரும் கருவிகள் வரிசையாக வந்தன. 2025 செப்டம்பர் 30 அன்று 'சோரா 2' வெளியானது. மழை, காடு, நீர்வீழ்ச்சி என எதைக் கேட்டாலும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கையில் வந்துவிடும் நிலை. என் தோழியின் வேலை நேரடியாக அடிவாங்கிய இடம் இதுதான்.

12 நாளில் அப்படி என்னதான் நடக்குது?

தோழி கடைசியாக முழுக்கக் கையால் செய்த லூப் ஒன்று. ஊர்க் கண்மாயில் மழை, கரையில் மூன்று பனைமரங்கள், தண்ணீர் ஓரத்தில் ஒரு மடையான். 6 விநாடி. அதற்கு 12 நாள் ஆனது. எங்கே போனது அந்த 12 நாள் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

சினிமா போலவே அனிமேஷனிலும் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 ஓவியங்கள் போதும். கண் அதை அசைவாக ஏற்றுக்கொள்ளும். ஆக, 6 விநாடிக்கு 72 இடங்களை நிரப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைவதில்லை. வானம், தூரத்து மலை, கண்மாய்க்கரை, பனைகள், தண்ணீர், மழை, முன்னால் கொஞ்சம் கோரைப்புல் என்று அடுக்கடுக்காகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அடுக்கும் தன் வேகத்தில் அசையும். தோழியின் கணக்கு இதுதான். மழைக்கு 12 ஓவியங்கள், அது ஆறு முறை சுற்றும். தண்ணீரில் விழும் வளையங்களுக்கு 24, அது மூன்று முறை சுற்றும். பனைக்கு 36, அது இரண்டு முறை. எல்லாமே 72-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள். அப்போதுதான் ஆறாவது விநாடி முடியும்போது எல்லா அடுக்குகளும் ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்.

மழையே மூன்று அடுக்கு. பக்கத்து மழை நீளமான, வேகமான கோடுகள். தூரத்து மழை மெல்லிய, சின்னக் கோடுகள். இரண்டுக்கும் நடுவே ஒன்று. மூன்று பனைகளும் மூன்று விதம். மடையானுக்குத் தனியாக 30 ஓவியங்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 200 ஓவியங்கள்!

ஆனா, நாள் கணக்கில் என்னை ஆச்சர்யப்படுத்தியது வேற ஒண்ணு. முதல் இரண்டு நாள் அவள் ஒரு கோடுகூடப் போடலை. ஊருக்குப் போய், மழை வரும்வரை காத்திருந்து, கண்மாய்க்கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். போனில் வீடியோ எடுத்து, அதை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்திருக்கிறாள்.

"தென்னை ஓலை காத்துல நீளமா அலை மாதிரி ஆடும்டி. பனை அப்படி ஆடாது. விசிறி மாதிரி விறைப்பா இருக்கும், சடசடன்னு நடுங்கும். காஞ்ச காவோலை மட்டும் கீழே தொங்கிக்கிட்டு தனியா ஆடும். பக்கத்துல இருக்குற வடலிக்கு இந்தக் கதையே கிடையாது, அது தரையோட தரையா முழுசா குலுங்கும். நான் பொறந்ததுல இருந்து பனை பாத்திருக்கேன். வரையணும்னு உட்கார்ந்த அன்னைக்குத்தான் பனையைப் பாத்தேன்" என்றாள்.

அந்தக் கடைசி வரியை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

பார்த்தவர்கள் வரைந்த காடுகள்

இயற்கையை அசையும் ஓவியமாக்கியவர்களின் வரலாற்றைப் புரட்டினால், இந்த 'உட்கார்ந்து பார்க்கிற' வேலை எல்லா இடத்திலும் வருகிறது.

டிஸ்னியின் 'பேம்பி' 1942-ல் வந்தது. காட்டில் வளரும் ஒரு மான்குட்டியின் கதை. மான் எப்படி எழுந்து நிற்கும், எப்படித் தடுமாறும் என்று ஓவியர்கள் பார்த்து வரைவதற்காகவே உயிருள்ள மான்குட்டிகளை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார்கள். விலங்குகளின் எலும்பு, தசை அமைப்பைச் சொல்லிக்கொடுக்கத் தனி வகுப்புகள் நடந்தன.

ஜிப்லி ஸ்டூடியோவின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) படத்துக்கு ஆதாரம் டோக்கியோவுக்கு அருகிலிருக்கும் சயாமா குன்றுகள். இயக்குநர் ஹயாவோ மியாசாகி வசிக்கும் டோகோரோசாவா பகுதியை ஒட்டிய காடு அது. கலை இயக்குநர் கஸுவோ ஓகா வரைந்த மரங்களும் வயல் வரப்புகளும்தான் நாம் இன்று 'ஜிப்லி பச்சை' என்று சொல்வது. இதில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. வீடுகள் பெருகி அந்தக் காடு அழியத் தொடங்கியபோது, அதைக் காப்பாற்ற 1990-ல் டோட்டோரோ பெயரிலேயே ஒரு நிதி தொடங்கப்பட்டது. மக்கள் கொடுத்த பணத்தில் நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கிப் பாதுகாக்கிறார்கள். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் 'டோட்டோரோ காடு' என்ற பெயரில் இருக்கின்றன. காட்டைப் பார்த்துப் படம் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் காட்டைக் காப்பாற்றினார்கள்.

உழைப்பின் அளவுக்கு ஒரு கணக்கு. ஜிப்லியின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) படத்தில் பூகம்பத்துக்குப் பிறகு மக்கள் கூட்டம் நகரும் ஒரு காட்சி வரும். நீளம் 4 விநாடி. அதை வரைய எய்ஜி யமாமோரி என்ற அனிமேட்டருக்கு ஒரு வருடம் மூன்று மாதங்கள் ஆனது.

ஜிப்லி ட்ரெண்டு ஓடியபோது மியாசாகியின் பழைய வீடியோ ஒன்றும் கூடவே வைரலானது. 'ஏ.ஐ உயிருக்கே அவமானம்' என்று அவர் சொன்னதாக மீம் போட்டார்கள். அது பாதிக் கதைதான். அந்தக் காட்சி 2016-ல் ஜப்பானின் என்.ஹெச்.கே தொலைக்காட்சி வெளியிட்ட ஆவணப்படத்தில் வருவது. அன்று அவரிடம் காட்டப்பட்டது, தலையைக் காலாகப் பயன்படுத்தி ஊர்ந்து போகும் ஓர் உருவத்தின் அசைவு. கணினி தானாகக் கற்று உருவாக்கியது. ஜாம்பி கேமுக்குப் பயன்படும் என்றார்கள். அதைப் பார்த்த மியாசாகி, கையைத் தூக்கி ஹை-ஃபைவ் கொடுக்கவே சிரமப்படும் தன் மாற்றுத்திறனாளி நண்பரைப் பற்றிப் பேசினார். வலி என்றால் என்ன என்று யோசிக்காமல் செய்த அசைவு இது என்பதே அவர் கோபம். உயிருக்கு அவமானம் என்ற பொருளில் அவர் சொன்னது அதைத்தான். நம் டி.பி படங்களைப் பற்றி அன்று அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும், அசைவை வரைகிறவர் அந்த உடம்பைப் பார்த்திருக்க வேண்டும் என்ற அவர் எதிர்பார்ப்பு இன்றைய விவாதத்துக்கும் பொருந்தும்.

"கம்ப்யூட்டர் வந்தப்பவும் இதைத்தானே சொன்னீங்க?"

நியாயமான கேள்விதான். புதுக் கருவி வரும்போதெல்லாம் 'கலை செத்துப்போச்சு' என்று யாரோ ஒருவர் புலம்பத்தான் செய்கிறார்கள். ஆனா, அனிமேஷன் வரலாறு கருவிகளுக்கு எதிரானது கிடையாது.

1937-ல் டிஸ்னி 'தி ஓல்டு மில்' என்ற குறும்படத்தை எடுத்தது. ஒரு பழைய காற்றாலை, அதில் தங்கியிருக்கும் பறவைகள், ராத்திரியில் ஒரு புயல். கதை அவ்வளவுதான். ஓவியங்களைக் கண்ணாடி அடுக்குகளில் இடைவெளி விட்டு வைத்து, மேலிருந்து படம் பிடிக்கும் 'மல்டிபிளேன் கேமரா'வை அந்தப் படத்தில்தான் டிஸ்னி சோதித்துப் பார்த்தது. பக்கத்தில் இருப்பது வேகமாகவும், தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர, தட்டையான ஓவியத்துக்கு ஆழம் கிடைத்தது. ஆஸ்கரும் கிடைத்தது. இன்று உங்கள் போனில் இருக்கும் டிராயிங் ஆப்பின் 'லேயர்' வசதிக்கு அதை ஒரு தாத்தா என்றே சொல்லலாம்.

ஜப்பானின் மகோடோ ஷின்காய், 2002-ல் தன் வீட்டு கம்ப்யூட்டரில் ஏறக்குறைய தனி ஆளாக 'வாய்ஸஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்' படத்தைச் செய்தார். கம்ப்யூட்டர் இல்லையென்றால் அந்த ஷின்காய் இல்லை. பின்னாடி 'யுவர் நேம்', 'சுஸுமே' எல்லாம் கொடுத்து நம்மூர் தியேட்டர் வரைக்கும் வந்தவர் அவர்தான்.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2025 மார்ச் 2, ஆஸ்கர் மேடை. சிறந்த அனிமேஷன் படமாக 'ஃப்ளோ' அறிவிக்கப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கும் உலகில் ஒரு கறுப்புப் பூனை, கூட சில விலங்குகள். ஒரு வசனம்கூட இல்லை. லாட்வியா நாட்டுக்கு அதுதான் முதல் ஆஸ்கர். இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதை முழுக்க 'பிளெண்டர்' மென்பொருளில் செய்தார். பிளெண்டரை யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். படத்தின் செலவு சுமார் 35 லட்சம் யூரோ. அதோடு போட்டியிட்ட 'இன்சைடு அவுட் 2' படத்தின் பட்ஜெட் சுமார் 20 கோடி டாலர்! இவருடைய முந்தைய படமான 'அவே'யை (2019) தனி ஆளாகவே செய்து முடித்திருந்தார்.

ஒரே மார்ச் மாதம். தொடக்கத்தில், இலவசக் கருவியை வைத்துக்கொண்டு சின்ன நாட்டுக்காரர் ஒருவர் ஆஸ்கர் ஜெயிக்கிறார். கடைசியில், உலகமே ஒரு பட்டனில் ஜிப்லி ஆகிறது. இரண்டுமே டெக்னாலஜிதான். ஆனா, ஃப்ளோவில் பூனை எப்போது காதை மடக்க வேண்டும் என்று முடிவெடுத்தது மனிதர்கள். கருவி அவர்கள் வேலையை மலிவாக்கியது. ஏ.ஐ கருவியில் நாம் 'மழையில் பூனை' என்று எழுதியதோடு நம் முடிவெடுக்கும் வேலை பெரும்பாலும் முடிந்துபோகிறது. மிச்சத்தை, ஏற்கெனவே யாரோ வரைந்த, எடுத்த லட்சக்கணக்கான படங்களின் சராசரி முடிவு செய்கிறது. அந்தச் சராசரியில் மதுரைப் பக்கத்துப் பனைமரம் கம்மி. அதனால்தான் பனையில் தென்னை ஓலை முளைத்தது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையா ஒத்துக்கணும். அடுத்த வெர்ஷனில் அந்தப் பனை சரியாகிவிடும். ஆறு விரல் கையெல்லாம் ஒரு காலத்தில் ஏ.ஐ-க்கான ஜோக்கா இருந்துச்சு, இப்ப அது பழசு. அதனால் 'ஏ.ஐ தப்பு பண்ணுது' என்பதை மட்டும் நம்பி வாதம் வைத்தால், ஆறு மாதத்தில் வாதம் காணாமல் போயிடும். கவலைப்பட வேண்டிய இடம் வேற.

உடைந்துகொண்டிருக்கும் முதல் படிக்கட்டு

அனிமேஷனில் 'இன்-பிட்வீனர்' என்று ஒரு வேலை உண்டு. பெரிய அனிமேட்டர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். அவற்றுக்கு நடுவில் வரும் ஓவியங்களை வரைந்து நிரப்புவது இன்-பிட்வீனரின் வேலை. சலிப்பான வேலை. சம்பளமும் கம்மி. வேலைக்குச் சேர்பவர்கள் ஏறும் முதல் படிக்கட்டு அது.

மியாசாகி 1963-ல் தோயெய் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்டது அந்த இன்-பிட்வீனர் வேலைதான்.

'பேம்பி' காட்டுக்கு அந்த மூடுபனி அழகைக் கொடுத்தவர் டைரஸ் வாங். சீனாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தவர். 1938-ல் டிஸ்னியில் அவர் சேர்ந்ததும் இன்-பிட்வீனராகத்தான். பேம்பி தயாராவதைக் கேள்விப்பட்டு, பழைய சீன நிலக்காட்சி ஓவியங்களின் சாயலில் சில காடுகளை வரைந்து காட்டினார். இலை இலையாக வரையாமல், ஒளியும் பனியுமாகக் காட்டை உணர்த்தும் அந்த ஓவியங்கள் படத்தின் தோற்றத்தையே மாற்றின. முதல் படிக்கட்டு இல்லையென்றால் அவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்.

இன்னொரு உதாரணம் உங்கள் ப்ளேலிஸ்ட்டிலேயே இருக்கு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டே இருக்கும் 'லோஃபை கேர்ள்'. பிரான்ஸில் தொடங்கப்பட்ட அந்த சேனல், ஆரம்பத்தில் ஜிப்லியின் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' படத்தின் ஒரு காட்சியைத்தான் லூப்பாக ஓட்டியது. காப்புரிமைப் பிரச்னையில் அது நீக்கப்பட, புதுசாக ஒரு பெண்ணை வரைந்து தரச் சொல்லி ஆள் தேடினார்கள். லியோன் நகரில் ஓவியம் படித்த கொலம்பியா நாட்டு இளைஞர் ஹுவான் பாப்லோ மச்சாடோவுக்கு அந்த வேலை கிடைத்தது. ஜன்னல், பூனை, பென்சில் பிடித்த கை என்று அவர் வரைந்த அந்த லூப்தான் இன்று உலகம் முழுக்கத் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள். இதே பிரச்னை இன்று வந்திருந்தால், சேனல்காரர் ஆள் தேடியிருப்பாரா, ஒரு வரி டைப் அடித்திருப்பாரா?

மியாசாகி அளவுக்குப் பேர் வாங்கியவர்களை ஏ.ஐ உடனே ஒன்றும் செய்துவிடாது. அடி விழுவது மழை லூப், பிறந்தநாள் இன்விடேஷன், கதைப் புத்தகத்தின் பின்னணிக் காடு போன்ற சின்ன வேலைகளுக்குத்தான். அந்தச் சின்ன வேலைகளைச் செய்யும்போதுதான் ஒருவர் பனை வேற, தென்னை வேற என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறார். அதுவும் காசு வாங்கிக்கொண்டே! அந்தக் காசு நின்றால், கண்மாய்க்கரையில் இரண்டு நாள் குடை பிடித்து உட்கார வசதியுள்ளவர்கள் மட்டும்தான் இந்தக் கலைக்கு வர முடியும். பத்து வருஷம் கழித்து ஏ.ஐ-யின் தப்பைச் சரிபண்ண ஆள் தேடினால், தப்பு எதுவென்று தெரிந்த ஆளே இருக்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்லுது?

பல பேர் நினைப்பது போல 'ஜிப்லி ஸ்டைல்' என்பதற்குத் தனியாகக் காப்புரிமை கிடையாது. ஒரு குறிப்பிட்ட ஓவியத்துக்கு உண்டு, பாணிக்கு இல்லை. இது பெரும்பாலான நாடுகளில் பொதுவான நிலை. சண்டை நடப்பது வேறொரு கேள்வியில். ஏ.ஐ-க்குப் பயிற்சி கொடுக்க மற்றவர்களின் ஓவியங்களைக் கேட்காமல் எடுக்கலாமா?

2025 அக்டோபரில், ஜிப்லியும் உறுப்பினராக இருக்கும் ஜப்பானின் 'கோடா' அமைப்பு, தங்கள் உறுப்பினர்களின் படைப்புகளை அனுமதியில்லாமல் சோரா 2-வின் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஓப்பன் ஏ.ஐ-க்குக் கடிதம் எழுதியது. இந்தியாவில், 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. பயிற்சிக்குப் படைப்புகளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் படைப்பாளிகளுக்கு ராயல்டி போக வேண்டும் என்ற திசையில் அந்தப் பரிந்துரை இருந்தது. பரிந்துரை சட்டமாகி, அந்த ராயல்டி ஒரு யூடியூப் லூப் ஓவியருக்கு எப்படி வந்து சேரும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சினிமாப் பாட்டுக்கு ராயல்டி வாங்கவே இங்கே எத்தனை வருஷ சண்டை!

ஏ.ஐ-யில் படம் செய்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வெறும் ப்ராம்ப்ட் எழுதி வாங்கிய படத்துக்கு உரிமை கொண்டாட முடியாது என்பதே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின் சாரம். மனிதர் ஒருவரின் படைப்புப் பங்கு அதில் தெரிய வேண்டும். உங்கள் சேனலின் அடையாளமாக ஒரு லூப் வேண்டுமென்றால், இது யோசிக்க வேண்டிய விஷயம்.

நாம என்ன பண்ணலாம்?

பிசினஸ் நடத்துபவரா? லோகோ, சேனல் லூப், புத்தக அட்டை மாதிரி உங்களோடு பல வருஷம் இருக்கப்போகும் விஷயங்களுக்காவது ஓர் ஓவியரைத் தேடுங்கள். ஏ.ஐ படத்தைச் சரிபண்ணச் சொன்னால், அதையும் முழு வேலையாக மதித்துக் காசு கொடுங்கள். அடுத்தவர் போட்ட ஃபிரேமில் கை வைப்பது சமயத்தில் புதுசாக வரைவதைவிடக் கஷ்டம்.

பார்ப்பவரா? பிடித்த லூப்பின் டிஸ்க்ரிப்ஷனில் வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு ஃபாலோ. இல்லையென்றால் கமென்ட்டில் கேளுங்கள். அந்தக் கேள்வியே ஓர் அழுத்தம்தான்.

வரைய ஆசைப்படுபவரா? போனிலேயே ஆரம்பிக்கலாம். ஃபிளிபாகிளிப், ஐபிஸ் பெயின்ட் ஆப்களில் ஃபிரேம் ஃபிரேமாக வரையும் வசதி இருக்கிறது. கம்ப்யூட்டர் இருந்தால் கிரீட்டா, பிளெண்டர் இரண்டும் இலவசம். தோழி சொன்ன டிப்ஸ் இவை.

முதல் நாள் எதையும் வரையாதீர்கள். மாடியில் இருக்கும் துளசிச் செடியையோ, தெருமுனை வேப்பமரத்தையோ பத்து நிமிடம் சும்மா பாருங்கள். எது முதலில் அசைகிறது, எது கடைசியில் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். கிளை முதலில் போகும், நுனி இலை கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வரும்.

இரண்டு விநாடிக்கு மேல் முயல வேண்டாம். 24 ஓவியங்கள் போதும். ஒரே ஓர் இலை, அதில் விழும் ஒரே ஒரு சொட்டு. வாழையிலையாக இருந்தால் சொட்டு விழுந்ததும் இலை கொஞ்சம் தாழும், தண்ணீர் வழிந்ததும் மெதுவாக எழும். அது போதும்.

கடைசி ஓவியத்தை முதல் ஓவியத்தின் அச்சாக வரையாதீர்கள். ஒரே படம் இரண்டு முறை வந்தால் லூப் அங்கே ஒரு கணம் தடுக்கும். கடைசி ஓவியம், முதலாவதுக்கு ஒரு படி முந்தையதாக இருக்க வேண்டும்.

இரண்டு மரம் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஆட விடாதீர்கள். காற்று ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

அந்த மடையான்

தோழி அந்தச் சரிபண்ணும் வேலையை ஒத்துக்கொண்டாள். வாடகை இருக்கே! தென்னை ஓலைகளை அழித்துவிட்டுப் பனை ஓலைகளை வரைந்து கொடுத்தாள். மூன்று நாள் ஆனது. பழைய ரேட்டில் பாதிதான் வந்தது. இப்போது ராத்திரிகளில் பிளெண்டர் கற்றுக்கொள்கிறாள். அந்தக் கண்மாயை வைத்தே நாலு நிமிடக் குறும்படம் ஒன்று செய்யும் யோசனை. எப்போது முடியும் என்று அவளுக்கே தெரியாது.

அவளுடைய பழைய 6 விநாடி லூப்பை அனுப்பச் சொல்லி வாங்கி, வீட்டில் அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். ஜிப்லி டி.பி வைத்திருந்த அதே அம்மாதான். மழை பெய்தது. பனை நடுங்கியது. தண்ணீர் ஓரத்தில் மண் கலரில் ஒரு சின்ன உருவம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தது. அஞ்சாவது விநாடியில் சிறகை ஒரு தடவை உதற, உள்ளே ஒளிந்திருந்த வெள்ளை ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"ஏ, இது மடையான்ல! எங்கூரு வயக்காட்டுல இப்படித்தான் உக்காந்திருக்கும். யாரு எடுத்தா இந்த வீடியோ?" என்றார் அம்மா.

"எடுக்கலைம்மா, வரைஞ்சது" என்றேன்.

நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் அந்த லூப் அவர் கையிலேயே ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.